நெல்டா திருப்பிக் கூப்பிடுவாள்

போன மாதம் நெல்டா வோடிச்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். மார்லோ தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து வைத்தார்கள். வழக்கம்போல சில்லி என்கிற மாட்டிறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும். சாப்பாட்டுக்கு நடுவில் யாரோ ஒரு புண்ணியவான், "ஆர்டித் நாலு வார்த்தை பேசட்டும்" என்று கிளப்பிவிட்டான். ஆர்டித் நான்தான், மாட்டுப் பண்ணைக்காரி. எழுந்து நின்றேன். கூடம் மொத்தமும் என் வாயையே பார்த்தது. "சில்லி ஆறிக்கிட்டிருக்கு, எல்லாரும் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் திட்ட வரும். மாட்டு வியாபாரி, வங்கிக்காரன், பாதிரியார், யாராக இருந்தாலும் மூச்சு வாங்காமல் திட்டுவேன். நன்றி என்று சொல்லப் போனால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அதனால் சொல்ல வேண்டியதை எழுதித் தொலைத்துவிடலாம் என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தொகுதிக்காக வாஷிங்டனில், காங்கிரஸ் என்கிற நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினருக்கு ஊர்ப்பக்கம் ஒரு சின்ன அலுவலகம் உண்டு. மார்லோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். ஆணியும் பெயிண்டும் விற்கிற கடைக்கு மாடியில். அரசாங்கத்தோடு ஜனங்களுக்கு வரும் தகராறுகளை அங்கே இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஓய்வூதியம் ஒருவருக்கு, பழைய ராணுவத்துக்காரர்கள் விவகாரம் ஒருவருக்கு. தபால் மட்டும் யாருக்கும் வேண்டாம். அதில் பெயர் கிடைக்காது, வசவுதான் கிடைக்கும். அதனால் அது நெல்டாவின் தலையில் விழுந்தது. அப்புறம் தேர்தலில் கட்சி மாறி, உறுப்பினர் மாறி, புதிதாக வந்தவர் பழைய ஆட்களை எல்லாம் மூட்டை கட்டச் சொன்னபோதும் நெல்டாவை மட்டும் தொடவில்லை. தபால் நிலையத்துக்காரர்களுக்கு அவரைத் தெரியாது, நெல்டாவைத்தான் தெரியும் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அவளிடம் என்னென்ன வந்தது என்று நினைத்தால் சிரிப்பு வரும். வசந்த காலம் பிறந்தால் கோழிக்குஞ்சு. இங்கே குஞ்சு தபாலில்தான் வரும், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில். ஒரு நாள் தாமதமானாலும் ஜனங்கள் போனைத் தூக்கிவிடுவார்கள். விதை உருளைக்கிழங்கு, காது கேட்கும் கருவி, ஒரு பெண்ணின் கல்யாண கவுன். பக்கத்து ஊர்க் கிழவர் ஒருத்தர் உடைந்த பல்செட்டைப் பழுது பார்க்க அனுப்பி, அது திரும்பி வராமல், ஈஸ்டர் விருந்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நெல்டா ஒவ்வொரு தபால் நிலையமாகப் போன் போட்டு, எங்கேயோ ஒரு மூட்டைக்கு அடியில் பல் சிரித்துக்கொண்டிருந்ததைப் பிடித்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் அவள் நெல்டா இல்லை. பல் கிடைத்த பிறகு, முன்னால் கேட்ட அத்தனை பேரையும் திருப்பிக் கூப்பிட்டு, "கிடைச்சிடுச்சு, ரொம்ப நன்றி" என்று சொன்னாள். கிடைத்த இடத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் இல்லை, கிடைக்காத இடத்தில் இருந்தவர்களுக்கும். அதைக் கேள்விப்பட்டு நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

"ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா? பல்லுதான் கிடைச்சிடுச்சே."

"சொல்லலைன்னா அவங்க தேடிட்டே இருப்பாங்க ஆர்டித். பாவம்" என்றாள்.

எனக்கு அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

இனி லொவெல் விஷயத்துக்கு வருகிறேன். நடந்து சில வருஷம் ஆகிறது. லொவெல் என் தம்பி. வியட்நாமுக்குப் போய் உயிரோடு திரும்பினான். திரும்பிய கையோடு அப்பாவோடு முட்டிக்கொண்டு நெவாடாவுக்குப் போய், யாரோ ஒருவனுடைய மாட்டுப் பண்ணையில் கூலிக்கு மாடு மேய்த்தான். கல்யாணம் இல்லை, குட்டி இல்லை. இந்த மணல்மேடுகள் பக்கம் அவன் வந்தது அப்பா சாவுக்கு ஒரு தடவை, அம்மா சாவுக்கு ஒரு தடவை. மற்றபடி கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். கடைசிக் கிறிஸ்துமஸில் பேசும்போது மூச்சு இரைத்தது.

"நான் செத்தா தபால்ல அனுப்பிடச் சொல்லியிருக்கேன். விமானம் எனக்கு ஒத்துக்காது" என்றான்.

"வாயை மூடுடா. அனுப்பினா உன்னை எங்க வைக்கிறதாம்?"

"அம்மா பக்கத்துலதான். வேற எங்க வைப்ப? அதையும் மே கடைசியில வர்ற நினைவு நாள்ல வெச்சிடு. அன்னிக்கு எப்படியும் ஊரே பூவெடுத்துட்டுக் கல்லறைக்கு வரும். எனக்குன்னு யாரையும் தனியா கூப்பிட வேண்டாம் பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தனக்கென்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று என் தம்பி நினைத்திருக்கிறான்.

ஏப்ரலில் போய்ச் சேர்ந்தான். இங்கே பசுக்கள் கன்று ஈனுகிற நேரம், கொட்டகையை விட்டு நான் நகர முடியாது. அவனோடு வேலை பார்த்த கூட்டாளி ஒருத்தன் தகனம் முடித்து, அஸ்தியைப் பெட்டியில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டதாகப் போன் செய்தான். அஸ்தி அனுப்புவதற்குத் தனி விதி உண்டு, பதிவுத் தபாலில் போக வேண்டும். பெட்டிக்குள் என்ன என்று சொன்னால் எதையாவது கேட்டு இழுத்தடிப்பார்கள் என்று பயந்து, அந்தப் பையன் வாயே திறக்காமல் சாதாரணப் பார்சலாகப் போட்டிருக்கிறான். ரசீது கேட்டேன். வண்டியில் எங்கோ இருந்தது, காணோம் என்றான். மறுநாளே மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். அங்கே போன் ஏது?

நான் தினமும் மார்லோ தபால் நிலையத்து ஜன்னலில் போய் நின்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டோரீன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள்.

"வந்துதா?"

"உன்னோட தடுப்பூசிப் பெட்டிங்கதான் வந்துச்சு ஆர்டித். அதை வேர்லின் எடுத்துட்டுப் போயிட்டானே. வேற ஒண்ணும் வரல."

வேர்லின் எனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன். பக்கம் என்றால் கண்ணுக்கு எட்டாத பக்கம். எங்கள் பகுதியில் யார் ஊருக்குள் போனாலும் அக்கம்பக்கத்தார் தபாலையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதுவும் மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடும் ஊசியும் போடுகிற சமயத்தில் எல்லாருக்கும் தடுப்பூசி மருந்து வரும். வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும். அதனால் எடுத்து வருகிறவன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க மாட்டான், நேராகக் கொட்டகைக்குப் போய் அங்கே இருக்கும் பழைய ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போய்விடுவான். நானும் வேர்லினுக்கு அப்படித்தான் செய்வேன். அதற்கெல்லாம் யாரும் நன்றி சொல்வதும் இல்லை, சொல்லிக்கொண்டு வைப்பதும் இல்லை.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஜன்னலில் நின்று கரடியாகக் கத்தினேன். "மனுஷனைத் தொலைச்சுட்டு ஸ்டாம்பு வித்துக்கிட்டிருக்கீங்க" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். டோரீன் முகம் சிவந்துபோனது.

"வியாழக்கிழமை நெல்டா வர்றா. அவகிட்ட சொல்லு. என்னால முடிஞ்சதை நானும் பார்க்கறேன்" என்றாள்.

மாதத்துக்கு ஒரு தடவை நெல்டா ஊர் ஊராக வருவாள். மார்லோவில் அவளுக்கு இடம் தீயணைப்புக் கூடம்தான். தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் மடக்கு மேஜையை விரித்து உட்கார்ந்திருந்தாள். குள்ளமான உருவம், கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. நான் போய் நின்றதும் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இதுல ஒரு கையெழுத்து வேணும். நீங்க அனுமதி குடுக்காம உங்க விஷயத்தை நாங்க யார்கிட்டயும் கேட்கக் கூடாது. சட்டம் அப்படி."

"என் தம்பியைத் தேட அனுமதியா? அவன்கிட்டயே போய் வாங்கிக்கோயேன், அப்ப அவன் எங்க இருக்கான்னும் தெரிஞ்சிடும்."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "அவர் இருந்தா அவர்தான் போடணும். இல்லாததால நீங்க போடுங்க" என்றாள். போட்டேன்.

"தம்பி பேரு?"

"லொவெல்."

"எப்படி இருப்பார்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, சாம்பலா இருக்கான். வேற எப்படி இருப்பான்?"

"தேடறவங்ககிட்ட பெட்டின்னு சொன்னா பெட்டியைத் தேடற மாதிரிதான் தேடுவாங்க. ஒரு ஆளைத் தேடறோம்னு அவங்களுக்குத் தெரியணும். சொல்லுங்க, எப்படி இருப்பார்?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒல்லி, நெட்டை, எந்தத் தொப்பியும் அவன் தலைக்குப் பொருந்தாது என்றேன். எப்போதும் விசில் அடிப்பான், ஒரு பாட்டும் மெட்டில் நிற்காது என்றேன். பியர் என்றால் உயிர், ஆனால் குடித்துவிட்டு யாரிடமும் வம்புக்குப் போனதில்லை என்றேன். நினைவு நாளில் அம்மா பக்கத்தில் அவனை வைக்க வேண்டும், அதற்குள் அவன் வந்தாக வேண்டும் என்றேன். பேசப் பேச மூக்கு ஒழுகியது. லொவெல் செத்து அவ்வளவு நாளாகியும் அவனைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன், அதுவும் தீயணைப்பு வண்டி நிற்கிற இடத்தில்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அடுப்படியில் போன் அடித்தது.

"நான் காங்கிரஸ் உறுப்பினர் வெண்டல் ஸ்ட்ராண்ட் பேசறேன்."

"நான் உனக்கு ஓட்டுப் போடல."

"தெரியும்மா. உங்க மாவட்டத்துல யாருமே போடல" என்றார் மனுஷன். "உங்க தம்பி விஷயமா நெல்டா சொன்னா. தபால் துறை மேலிடத்துல நானே பேசியிருக்கேன். கொஞ்சம் காரமாவே பேசிட்டேன்."

"காரமா பேசினா வந்துடுவானா?"

"பேசாம இருக்க முடியலம்மா. என் அண்ணனும் வியட்நாமுக்குப் போனவன்தான்."

போனை வைத்துவிட்டு, இவன் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டு விஷயத்தில் மனம் மாறவில்லை, அது வேறு.

நெல்டா வாரா வாரம் கூப்பிட்டாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத வாரத்திலும் கூப்பிட்டு, "இன்னும் இல்ல ஆர்டித்" என்றாள். நான் எரிந்து விழுவேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். இதற்கிடையில் கல்லறையில் குழி தோண்டுகிறவன் வந்து, தோண்டலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தான். பியோனிப் பூக்கள் மொட்டு விட்டுவிட்டன. நினைவு நாள் நெருங்கிவிட்டது என்பதற்கு எங்களுக்கு நாள்காட்டி வேண்டாம், அந்த மொட்டு போதும். "தோண்டுடா" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, உள்ளே எனக்கு நம்பிக்கை செத்துக்கொண்டிருந்தது. வெறுங்குழிக்கு முன்னால் பூவை வைத்துக்கொண்டு நிற்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை நினைவு நாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை என் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். அதற்கும் முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, பகலில் நெல்டாவின் கார் சரளைச் சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. வழக்கமாகப் போனில் சொல்கிறவள் நேரில் வந்திருக்கிறாள் என்றால் கைவிட்டாயிற்று என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

இறங்கியவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஆர்டித், உங்க தடுப்பூசி மருந்தெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"அதுக்கா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்த?"

"காட்டுங்களேன்."

முனகிக்கொண்டே கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த் தட்டில், நாளைக்குச் சூடு போடக் கை கொடுக்க வருகிற அக்கம்பக்கத்தாருக்கான பியர். மேல் தட்டில் வேர்லின் அடுக்கிவைத்த பெட்டிகள். எல்லாம் ஒரே ஜாதி, வெள்ளை அட்டை, 'குளிரில் வைக்கவும்' என்று சிவப்பு ஒட்டி. நெல்டா ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை எடுத்தவள் அதைத் திருப்பி வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் நீட்டினாள். மற்றப் பெட்டிகளில் என் முகவரி அச்சில் இருந்தது. இதில் மட்டும் பேனாவால் கோணல்மாணலாக எழுதியிருந்தது.

"அந்தக் கூட்டாளி நேத்துத்தான் மலையிலேர்ந்து இறங்கினார்" என்றாள் நெல்டா. "அந்த ஊர்த் தபால் நிலையத்துல இர்மான்னு ஒரு அம்மா. அவர் தபால் எடுக்க வந்தா விடாதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். பிடிச்சுக் கேட்டிருக்காங்க, எந்தப் பெட்டியில போட்டு அனுப்பினன்னு. பண்ணையில கெட்டியா இருந்தது அது ஒண்ணுதானாம். காலித் தடுப்பூசிப் பெட்டி."

நான் அங்கே கவிழ்த்துவைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி மடியில் சில்லென்று இருந்தது. யாரைத் திட்டுவது? கெட்டியான பெட்டியாகத் தேடி எடுத்த அந்தப் பையனையா? என் மருந்து கெட்டுவிடக் கூடாது என்று தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த வேர்லினையா? நானாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பேன்? தபால்காரர்கள் அவனை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். என் தம்பி இவ்வளவு நாளும் என் கொட்டகையில், பியருக்கு மேல் தட்டில் இருந்திருக்கிறான். நான் தினமும் அந்தப் பக்கம் போய் வந்துகொண்டுதான் இருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் அழுதேன். நெல்டா பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். அவளுக்கும் கண்ணாடி நனைந்துவிட்டது.

"பியர் பக்கத்துல இருந்திருக்கான் பாரு, படுபாவி" என்றேன்.

"இதைவிட நல்ல இடத்துல தபால் துறை அவரை வெச்சிருக்க முடியாது" என்றாள் நெல்டா.

ஃபிரிட்ஜிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக் குடித்தோம். வேலை நேரத்தில் குடித்ததை வெண்டல் ஸ்ட்ராண்டிடம் சொல்ல வேண்டாம் என்றாள். இத்தனை வருஷம் நான் சொல்லவில்லை, இனிமேல் தெரிந்தால் என்ன?

ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. தபால் துறை மேலிடத்தில் அவர் காரமாகப் பேசியிருக்கிறாரே. நெல்டா என் அடுப்படியிலிருந்தே அவரைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஃபிரிட்ஜா?" என்றார்.

"ஃபிரிட்ஜ்தான் சார்."

"நான் அந்த அதிகாரியை என்னவெல்லாம் சொன்னேன் தெரியுமா நெல்டா?"

"தெரியும் சார். நான் வேணா பேசட்டுமா?"

"வேண்டாம். திட்டினது நான். மன்னிப்பும் நான்தான் கேட்கணும்."

கேட்டாராம். அதுவும் தானே போன் போட்டு. அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாஷிங்டன்காரனே தலைகுனியும்போது நான் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்க முடியுமா? அன்றைக்கே ஊருக்குள் போய் அதே ஜன்னலில், வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே, "டோரீன், லொவெல் என் ஃபிரிட்ஜுல இருந்தான். தப்பு உன்மேல இல்ல" என்றேன். டோரீன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிடைச்சிட்டானா? அது போதும்" என்றாள்.

வேர்லின்தான் நொறுங்கிவிட்டான். சனிக்கிழமை கன்றுகளுக்குச் சூடு போட்ட நேரம் முழுக்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "டேய், நீ எடுத்துட்டு வரலைன்னா அவன் தபால் நிலையத்து மூலையில பியர் இல்லாம கிடந்திருப்பான்" என்றேன். அப்போதுதான் கொஞ்சம் தலை நிமிர்ந்தான்.

திங்கட்கிழமை கல்லறைக்குப் போனோம். எல்லாரும் காபித்தூள் டப்பாக்களில் பியோனிப் பூவோடு வந்திருந்தார்கள். லொவெல் சொன்னபடி யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை. ஆனால் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குப் பூ வைத்து முடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எங்கள் பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். பழைய ராணுவத்துக்காரர்கள் துப்பாக்கி முழக்கினார்கள். விடுமுறை நாளாக இருந்தும் டோரீன் தபால் சீருடையில் வந்திருந்தாள். வெண்டல் ஸ்ட்ராண்டும் வந்தார். அரசியல்வாதி ஆயிற்றே, பேச ஆரம்பித்தால் பூ வாடிவிடுமே என்று பயந்தேன். "லொவெல், வந்து சேர்ந்துட்ட. சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நெல்டா எல்லாருக்கும் பின்னால், வேலி ஓரமாக நின்றிருந்தாள். அம்மா பக்கத்தில் பெட்டியை இறக்கினேன். தனக்கென்று யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தானே, அவன் குழியைச் சுற்றி நிற்க இடமில்லாமல் இருந்தது.

கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சூட்டு வேலை எல்லாம் ஓய்ந்து, தீவனப்புல் அறுப்பு ஆரம்பிக்கிற சமயம். டோரீனின் கார் என் வாசலில் வந்து நின்றது. தபால் நிலையத்தைச் சாத்திவிட்டு, அவ்வளவு தூரம் அவளே வந்திருக்கிறாள். கையில் ஒரு கட்டுத் தபால்.

"உன் தபால் பெட்டியில போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரல" என்றாள். "லொவெலுக்குத் தபால் வந்திருக்கு."

"யாருக்கு?"

"லொவெலுக்கு."

வாங்கிப் பார்த்தேன். நெவாடாவிலிருந்து மார்லோ வரைக்கும் வழியில் இருக்கிற தபால் நிலையங்களிலிருந்து, நான் பார்த்தே இராத மனுஷர்கள் வாழ்த்து அட்டை போட்டிருந்தார்கள். நெல்டா அவர்கள் எல்லாரிடமும் லொவெலைத் தேடச் சொல்லியிருக்கிறாள். ஒல்லி, நெட்டை, விசில் அடிப்பார் என்று சொல்லியிருக்கிறாள். கிடைத்ததும், வழக்கப்படி, ஒருத்தரைக்கூட விடாமல் திருப்பிக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். 'இங்கே ஒவ்வொரு அலமாரிக்கு அடியிலும் தேடினோம். எங்களிடம் தங்காமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று கேட்டு சந்தோஷம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'உங்களுக்காகக் காலையில் நான் விசில் அடிக்கிறேன், எனக்கும் மெட்டு வராது' என்று இன்னொருவர். இர்மா நாலே வார்த்தை எழுதியிருந்தாள்: 'பியர் நன்றாகக் குளிர்ந்திருந்ததா, லொவெல்?'

உறைகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவன் பெயர். பெயருக்குக் கீழே என் வீட்டு முகவரி. பட்டாளத்திலிருந்து வந்த மாதம் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவனுக்கு, அதற்கப்புறம் இந்த முகவரிக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. இது அவன் வீடு என்று யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் உறைமேல் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். டோரீன் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் படியில் நிற்கிறாள்.

டோரீனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு போனை எடுத்து நெல்டாவின் அலுவலகத்துக்கு அடித்தேன்.

"என்ன ஆர்டித், ஏதாவது தொலைஞ்சிடுச்சா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். "கிடைச்சிடுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."